அம்மாவின் மருத்துவ விவரம் யார் கையில்? டர்பன் குடும்பங்கள் முன் உள்ள வழிகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் 75 வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஒரே மருத்துவர் மட்டும் வைத்தியம் பார்ப்பது அபூர்வம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஆர்.கே. கான் மருத்துவமனை. இதயத்திலோ சிறுநீரகத்திலோ பெரிய சிக்கல் என்றால் அங்கிருந்து கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். காய்ச்சல், முழங்கால் வலி என்றால் பக்கத்துத் தெரு ஜி.பி. என்ற பொது மருத்துவர். மாதந்தோறும் வாங்கும் மாத்திரை, அரசின் டப்லாப் மெட்ஸ் மருந்து வழங்கும் திட்டத்தில் பதிந்திருந்தால், வீட்டுக்கு அருகே உள்ள தனியார் மருந்தகத்திலேயே கிடைத்துவிடும். கண்ணுக்கு மகன் பணம் கட்டும் தனியார் மருத்துவர். பகலில் வீட்டுக்கு வரும் பராமரிப்புப் பெண், அல்லது சில ஆண்டுகளில் முதியோர் இல்லம். இத்தனை பேரிடமும் அந்த அம்மாவைப் பற்றிய விவரம் இருக்கிறது. முழு விவரம் ஒருவரிடமும் இல்லை.

இதனால் வரும் ஆபத்து கற்பனை அல்ல. முழங்கால் வலிக்கு ஜி.பி. டைக்லோஃபெனாக் ஊசி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரசு மருத்துவமனை அவருக்கு இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் கொடுத்திருக்கிறது. கூடவே சிறுநீர் பிரிய ஒரு மாத்திரை. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. இவை மூன்றும் ஜி.பி.க்குத் தெரியாது. இந்த மருந்துகள் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகம் சில நாட்களிலேயே செயலிழக்கக்கூடும். தெரிந்திருந்தால் எந்த ஜி.பி.யும் அந்த ஊசியைப் போடமாட்டார்.

மறுபக்கத்தில் இன்னொரு பயம் இருக்கிறது. அதே அம்மாவுக்குக் கால் எரிச்சலுக்காக அமிட்ரிப்டிலின் கொடுத்திருக்கிறார்கள். நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு அது சாதாரணமாகக் கொடுக்கும் மருந்து. ஆனால் மருந்துப் பட்டியலைப் பார்த்த உறவினர் ஒருவர் இணையத்தில் தேடினால் 'மனச்சோர்வுக்கான மாத்திரை' என்று முதலில் வரும். அடுத்த கல்யாணத்துக்குள் செய்தி மேர்பேங்க் வரை போய்விடும். காசநோய், எச்.ஐ.வி., மனநலம், குடிப்பழக்கம் என்று வந்துவிட்டால் பேச்சு இன்னும் கொடியதாகிறது. ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து மருத்துவரிடமே உண்மையை மறைக்கும் பெரியவர்களை நான் அறிவேன்.

ஆகவே விவரம் எல்லோருக்கும் போகட்டும் என்பதும் தவறு, யாருக்கும் போகவேண்டாம் என்பதும் தவறு. சிகிச்சை கொடுப்பவருக்குத் தாமதமின்றிப் போகவேண்டும். அதற்கு அப்பால் அந்த அம்மா சம்மதித்த இடத்துக்கு மட்டும் போகவேண்டும். இதற்கு நம் குடும்பங்கள் இன்று கையாளும் வழிகள் நான்கு: மருத்துவமனைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது, மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவக் காப்பீட்டின் மின்னணுப் பதிவை நம்புவது, சொந்தமாக ஒரு கோப்பு வைத்துக்கொள்வது, குடும்ப வாட்ஸ்அப் குழு.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சொந்தக் கோப்புதான் அடித்தளம். மெடிக்கல் எய்ட் இருந்தால் அதன் பதிவு துணை. வாட்ஸ்அப் குழு கூடாது. ஆனால் எதைத் தேர்ந்தாலும் அதற்கு முன்னால் ஒரு தாள் எழுதப்பட வேண்டும். என் சார்பில் யார் கேட்கலாம், யார் முடிவெடுக்கலாம் என்று அம்மா தன் கைப்பட, நினைவு தெளிவாக இருக்கும்போதே கையெழுத்திட்ட தாள். அது இல்லாத வீட்டில் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் நெருக்கடி நேரத்தில் தடுமாறுகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது

இரண்டு சட்டங்கள் முக்கியம். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் ஒன்று. அதன் 14ஆம் பிரிவு, நோயாளியின் உடல்நிலை, சிகிச்சை, மருத்துவமனையில் அவர் தங்கியிருப்பது உள்ளிட்ட எல்லா விவரமும் இரகசியம் என்கிறது. அவருடைய எழுத்துமூலச் சம்மதம், நீதிமன்ற ஆணை, சட்டக் கட்டாயம், பொதுச் சுகாதாரத்துக்குக் கடும் அச்சுறுத்தல் போன்ற சில சூழல்களில்தான் அதை வெளியே சொல்லலாம். அடுத்த 15ஆம் பிரிவு கதவைக் கொஞ்சம் திறக்கிறது: மருத்துவப் பணியாளர், தன் கடமையின் வழக்கமான எல்லைக்குள், நோயாளியின் நலனுக்குத் தேவையான அளவு, இன்னொரு மருத்துவருக்கோ மருத்துவமனைக்கோ விவரத்தைக் கொடுக்கலாம். ஆர்.கே. கானிலிருந்து லுதுலிக்குக் கடிதம் போவதற்கு ஒவ்வொரு முறையும் அம்மாவின் கையெழுத்து தேவைப்படாதது இதனால்தான்.

மற்றது எல்லோரும் போப்பியா என்று சொல்லும் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம். 2013இல் இயற்றப்பட்டு, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலாகிறது. உடல்நிலை பற்றிய விவரம் இச்சட்டத்தில் சிறப்புப் பாதுகாப்புப் பெற்ற வகை. சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் தேவையானால் மருத்துவர்களும் சமூக சேவை அமைப்புகளும் அதைக் கையாளலாம். காப்பீட்டுக்காக மெடிக்கல் எய்டும் கையாளலாம். சம்மதம் என்று கேட்டால் அது விருப்பத்தோடும், குறிப்பிட்ட ஒன்றுக்காகவும், விளங்கிக்கொண்டும் தரப்பட்டதாக இருக்கவேண்டும். பின்னர் திரும்பப் பெறவும் உரிமை உண்டு. மீறுவோருக்கு ஒரு கோடி ராண்ட் வரை அபராதம் விதிக்கலாம்.

இதில் நம்மவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. உறவில் ஒரு நர்ஸோ எழுத்தரோ மருத்துவமனையில் வேலை பார்த்தால், 'சித்தியின் ரிப்போர்ட்டைக் கொஞ்சம் திரையில் பார்த்துச் சொல்' என்று கேட்பது நம் வழக்கம். சித்திக்குச் சிகிச்சை தரும் குழுவில் அந்தப் பெண் இல்லையென்றால் அவர் பார்ப்பதே மீறல். அன்பால் கேட்கும் இந்த உதவி அவருடைய வேலைக்கே உலை வைக்கும். தயவுசெய்து கேட்காதீர்கள்.

மருத்துவமனைகளே பார்த்துக்கொள்ளட்டும்

இதுதான் பெரும்பாலான வீடுகளின் வழி. யாரும் உட்கார்ந்து யோசித்து இதைத் தேர்வு செய்வதில்லை.

இதன் பலம் செலவில்லாதது. ஒரே மருத்துவமனைக்குள் எல்லாம் நடக்கும்வரை இது நன்றாகவே வேலை செய்கிறது. லுதுலி மருத்துவமனை 2002இல் காகிதமில்லா மருத்துவமனையாகவே திறக்கப்பட்டது. உள்ளே ஒரு துறையில் எழுதியதை மற்றத் துறை திரையில் பார்க்கலாம். அரசு மருத்துவமனைகளின் இரத்தப் பரிசோதனைகள் தேசிய சுகாதார ஆய்வகச் சேவையின் வழியே போவதால், எங்கு எடுத்த இரத்தமானாலும் அரசு மருத்துவர் முடிவைத் தேடிப் பார்க்க வழியுண்டு. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நோயாளிப் பதிவு முறையும் கிளினிக்குகளில் இயங்குகிறது. அடையாள எண்ணைக் கொடுத்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடும்.

ஆனால் ஆளைக் கண்டுபிடிப்பது வேறு, நோயின் வரலாற்றைக் காண்பது வேறு. அந்தப் பதிவு இன்னார் இந்தக் கிளினிக்குக்கு வருகிறார் என்று சொல்லும். எனலாப்ரில் எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாது. அரசு மருத்துவமனைக்கும் தனியார் ஜி.பி.க்கும் நடுவில் இன்றும் பாலமாக இருப்பது ஒரு கடிதம். அதையும் கையில் எடுத்துச் செல்பவர் பெரும்பாலும் நோயாளியேதான். காகிதக் கோப்பு கிடைக்காமல் புதிய கோப்பு திறக்கப்பட்டால் பத்து ஆண்டு வரலாறு ஒரு காலை நேரத்தில் மறைந்துவிடும்.

கணினி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் நான் ஏற்கவில்லை. 2024 ஜூனில் தேசிய சுகாதார ஆய்வகச் சேவை மீது இணையத் தாக்குதல் நடந்தது. இரத்த முடிவுகளை மருத்துவர்கள் திரையில் பார்க்க முடியாமல் போயிற்று. அவசரமானவற்றை மட்டும் தொலைபேசியில் சொன்னார்கள். அது சீராக வாரக்கணக்கானது. அந்த வாரங்களில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் தன் கடைசி கிரியாட்டினின் அளவை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தவர், மருத்துவருக்குப் பெரிய உதவி செய்திருப்பார்.

2024 மே 15 அன்று கையெழுத்தான தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் நாடு முழுவதற்குமான ஒரு தகவல் தளத்தைப் பற்றிப் பேசுகிறது. நல்ல நோக்கம். ஆனால் சட்டம் நீதிமன்ற வழக்குகளில் இருக்கிறது; தளம் நம் கைக்கு வரும்வரை அம்மாவின் சிறுநீரகம் காத்திருக்காது.

ஆக, இந்த வழியை மட்டும் நம்புவது கூடாது. இதை நம்பியிருப்பவர்கள்கூட ஒரு பழக்கத்தை உடனே தொடங்கலாம்: பரிந்துரைக் கடிதம், டிஸ்சார்ஜ் குறிப்பு, ஸ்கிரிப்ட் என்னும் மருந்துச் சீட்டு எதையும் மேசையில் ஒப்படைப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கல் எய்டின் மின்னணுப் பதிவு

தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்ட் உள்ளவர்கள் ஏறத்தாழ 90 இலட்சம் பேர். மக்கள்தொகையோ 6 கோடிக்கு மேல். எனவே இந்த வழி பலருக்குத் திறந்திருக்கவே இல்லை. திறந்திருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே பயனுள்ளது.

டிஸ்கவரி என்ற மெடிக்கல் எய்ட் நிறுவனம் 2012 முதல் ஹெல்த்ஐடி என்ற வசதியை நடத்துகிறது. உறுப்பினர் சம்மதித்தால் மருத்துவர் தன் திரையில் அவருடைய மருந்துகள், பரிசோதனைகள், மருத்துவமனை வாசம் ஆகியவற்றைப் பார்க்கலாம். போட்டியாளர்களான மருத்துவமனைக் குழுமங்களும் மெடிக்கல் எய்ட் நிர்வாக நிறுவனங்களும் சேர்ந்து கேர்கனெக்ட் என்ற பரிமாற்ற அமைப்பையும் தொடங்கியிருக்கின்றன. நெட்கேர், மெடிகிளினிக், லைஃப் ஆகிய மூன்று மருத்துவமனைக் குழுமங்களும் அதில் உண்டு. இரவு இரண்டு மணிக்கு மயங்கிய நிலையில் அம்மாவைத் தனியார் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகும்போது, அங்குள்ள மருத்துவர் மருந்துப் பட்டியலைத் தானாகவே பார்க்க முடிவது சிறிய காரியம் அல்ல.

குறைகள் இரண்டு. இப்படிப்பட்ட பதிவு பெரும்பாலும் கட்டணக் கோரிக்கைகளிலிருந்து உருவாகிறது. மெடிக்கல் எய்டுக்குக் கணக்கு போகாத எதுவும் அதில் இருக்காது. நம் பெரியவர்களில் பலர் பாதி அரசு, பாதி தனியார் என்று வாழ்பவர்கள். ஆர்.கே. கானில் இலவசமாகக் கிடைத்த மாத்திரையும், ஜி.பி.க்கு ரொக்கமாகக் கொடுத்துப் போட்ட ஊசியும் அங்கே காணாது. திரையில் இருப்பதுதான் முழு உண்மை என்று மருத்துவர் எண்ணிவிட்டால், திரை இல்லாமல் இருந்ததைவிட அது மோசம்.

இரண்டாவது குறை நம் குடும்ப அமைப்பையே தொடுகிறது. மகன் முதன்மை உறுப்பினர், அம்மா அவரைச் சார்ந்தவர். ஒவ்வொரு கோரிக்கையிலும் நோயைக் குறிக்கும் ஐ.சி.டி. குறியீடு இருக்கும், கணக்கு விவரம் முதன்மை உறுப்பினருக்குப் போகும். அம்மா மனநல மருத்துவரைப் பார்த்தது, மகனிடம் சொல்ல விரும்பாத மகளிர் நோய்ச் சிகிச்சை, எல்லாம் மாதக் கணக்கில் வந்து நிற்கும். பணம் கட்டுபவருக்குக் கேட்கும் உரிமை உண்டு என்று நம் வீடுகளில் சொல்வார்கள். நான் உடன்படவில்லை. பணம் மகனுடையது, உடம்பு அம்மாவுடையது. சந்தா சேர்க்கும் முன்பே நிறுவனத்திடம், 'சார்ந்த உறுப்பினரின் விவரத்தைத் தனியாக அவருக்கே அனுப்ப முடியுமா?' என்று கேட்டுவிடுங்கள். எச்.ஐ.வி. போன்றவற்றுக்குத் தனி இரகசிய ஏற்பாடு வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு; மற்ற நோய்களுக்கு என்ன வழி என்பதை வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும்.

தனியார் துறையும் தாக்குதலுக்குத் தப்பியதில்லை. 2020 ஜூனில் லைஃப் ஹெல்த்கேர் குழுமம் தாக்கப்பட்டு, நோயாளி சேர்க்கையைக் கையால் எழுதிப் பார்த்துக்கொண்டது.

சம்மதம் கொடுக்கலாமா என்று கேட்டால், நாள்பட்ட நோய் உள்ள முதியவருக்குக் கொடுக்கலாம் என்பேன். ஆனால் அவருடைய கைப்பேசியில் மகன் ஒரு பொத்தானை அழுத்துவது சம்மதம் ஆகாது. யார் யார் பார்ப்பார்கள் என்று அவருக்குப் புரியும்படி சொல்லி, அவரே சொல்லவேண்டும்.

வாட்ஸ்அப் குழு

இதன் ஈர்ப்பு எனக்கு விளங்குகிறது. ஒரு பிள்ளை ஜோகன்னஸ்பர்க்கில், ஒருவர் பெர்த்தில், ஒருவர் மட்டும் அம்மாவுடன். மருத்துவர் சொன்னதை மூன்று முறை சொல்லவேண்டாம், ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போட்டால் போதும். தூரத்துப் பிள்ளைக்கும் மனம் ஆறும்.

ஆனால் அந்தக் குழுவில் மருமக்கள், பேரப்பிள்ளைகள், அத்தை மாமா என்று இருபது பேர் இருப்பார்கள். படம் இருபது கைப்பேசிகளின் படத்தொகுப்பில் பதிந்துவிடும். பள்ளிக்குப் போகும் பேரனின் கைப்பேசியை நண்பன் புரட்டினால் பாட்டியின் பரிசோதனை முடிவு அங்கே இருக்கும். இன்னும் முக்கியமானது: போப்பியா சட்டம் முற்றிலும் தனிப்பட்ட, வீட்டுக்குள் நடக்கும் விவரப் பரிமாற்றத்துக்குப் பொருந்தாது. மருத்துவமனை கசியவிட்டால் முறையிட ஓர் ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. மைத்துனர் முன்னனுப்பினால் அந்த அமைப்பிடம் போய் நிற்க முடியாது. நான்கு வழிகளில் பாதுகாப்பு மிகக் குறைந்தது இதுதான். நாம் மிக எளிதாகக் கையில் எடுப்பதும் இதுதான்.

இதில் மருந்துப் பாதுகாப்புக்கும் பயனில்லை. ஜி.பி. அந்தக் குழுவில் இல்லை. மார்ச் மாதம் போட்ட ஸ்கிரிப்டை நவம்பரில் தேடினால் தீபாவளி வாழ்த்துகளுக்கும் காவடிப் படங்களுக்கும் அடியில் கிடக்கும்.

அம்மா பெயர் சொன்ன இருவர், மூவர் மட்டும் உள்ள தனிக்குழு, தானாக அழியும் செய்திகள், படங்கள் கைப்பேசியில் சேமிக்கப்படாத அமைப்பு என்றால் அதைத் தகவல் பலகையாக வைத்துக்கொள்ளலாம். 'இன்று கிளினிக் முடிந்தது, சர்க்கரை பரவாயில்லை' என்ற அளவுக்கு. ரிப்போர்ட்டுகளுக்கு அது இடம் அல்ல.

சொந்தக் கோப்பு

இந்த நாட்டில் குழந்தை பிறந்ததும் தாயின் கையில் ரோடு டு ஹெல்த் புத்தகத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். தடுப்பூசி, எடை, நோய் எல்லாம் அதில் ஏறும். எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் சிஸ்டர் முதலில் அதைத்தான் கேட்பார். குழந்தைக்கு இப்படி யோசித்தவர்கள் முதியவருக்கு ஒன்று தரவில்லை. நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

கோப்பின் உயிர் முதல் பக்கம். அது ஒரே பக்கமாக இருக்கவேண்டும். அவசரப் பிரிவில் யாரும் நாற்பது தாள் புரட்டமாட்டார்கள். பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமை. நோய்கள், எந்த ஆண்டு முதல். மருந்துகள்: பெயர், மில்லிகிராம், வேளை, யார் எழுதியது. மருந்தின் பெயரை டப்பாவிலிருந்து பார்த்து எழுத்துக்கூட்டி எழுதுங்கள். 'வெள்ளை மாத்திரை', 'பிரஷர் மாத்திரை' என்பது மருத்துவருக்கு உதவாது. ஜி.பி.யும் மருந்தகமும் ஒரே மருந்தை இரு வேறு பெயர்களில் கொடுத்திருக்கலாம் என்பதால் உள்ளிருக்கும் மருந்தின் பெயர் முக்கியம். அமிட்ரிப்டிலின் போன்றவற்றின் பக்கத்தில் எதற்காக என்று எழுதிவிட்டால், கால் நரம்பு எரிச்சலுக்கு என்ற மூன்று சொல் பல வீண்பேச்சைத் தடுக்கும். கடைசி எச்பிஏ1சி (சில மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவு), கடைசி கிரியாட்டினின், தேதியுடன். நாட்டு மருந்து, கஷாயம், மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை இவற்றையும் எழுதவேண்டும். மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட்டு விட்டுப்போகும் வரி பெரும்பாலும் இதுதான். மருத்துவர் கட்டாயம் அறியவேண்டிய வரியும் இது.

அடியில் தேதி. மருந்து மாறும் ஒவ்வொரு முறையும் பக்கத்தைப் புதிதாக எழுதிப் பழையதைக் கிழித்துவிடுங்கள். ஆறு மாதப் பழைய பட்டியல், பட்டியல் இல்லாததைவிட ஆபத்தாகலாம்.

பின்னால் கடிதங்கள், டிஸ்சார்ஜ் குறிப்புகள், ஸ்கிரிப்ட் நகல்கள். இவை கையில் இல்லையென்றால் கேட்டு வாங்கும் உரிமை இருக்கிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். தன் சொந்தப் பதிவைக் கேட்பவருக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை, நகல் செலவு மட்டும் வரலாம். பெரும்பாலும் அதுவரை போகவேண்டியதில்லை; ஜி.பி.யிடம் மரியாதையாகக் கேட்டாலே அச்சிட்டுத் தருவார். ஓய்வு பெறப்போகும் ஜி.பி.யிடம் சீக்கிரம் கேளுங்கள். நோயாளி வருவது நின்றதிலிருந்து ஆறு ஆண்டு பதிவை வைத்திருக்கவேண்டும் என்பது மருத்துவ மன்றத்தின் வழிகாட்டல். அதற்குப் பிறகு அழிக்கப்படலாம்.

இந்த வழிக்கும் குறை உண்டு. கோப்பு தொலையலாம், திருடப்படலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் வீடுகளே போயின. ஆகவே ஒரு நகல் நம்பிக்கைக்குரிய பிள்ளையிடம் இருக்கட்டும். அடையாள எண்ணை முதல் பக்கத்தில் எழுதாதீர்கள். அடையாள அட்டையைத் தனியாக எடுத்துச் செல்லலாம். கைப்பை பறிபோனால் நோய் விவரமும் அடையாள எண்ணும் சேர்ந்து போவது வேண்டாம். ஊருக்குத் தெரியக்கூடாது என்று அம்மா நினைப்பதை முதல் பக்கத்தில் அல்லாமல் மூடிய உறையில் வைத்து, 'மருத்துவருக்கு மட்டும்' என்று எழுதலாம்.

மறுபுறம் 2021 ஜூலையை நினைத்துப் பாருங்கள். கலவரத்தில் குவாசுலு-நட்டாலில் மருந்தகங்கள் சூறையாடப்பட்டன. வழக்கமான மருந்தகமே இல்லாமல் போனவர்கள் இன்சுலினுக்கு வேறிடம் தேடினார்கள். அப்படிப்பட்ட நாளில், முன்பின் தெரியாத மருந்தாளர் முன் ஸ்கிரிப்ட் நகலோடு நிற்பவருக்கும் வெறுங்கையோடு நிற்பவருக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. மின்வெட்டிலும் வேலை செய்யும் ஒரே ஏற்பாடு காகிதம். அதனால்தான் இதை அடித்தளம் என்கிறேன்.

பராமரிப்புப் பெண்ணுக்கும் முதியோர் இல்லத்துக்கும் எவ்வளவு?

மருத்துவர்களுக்குள் விவரம் போவதைப் பற்றி யோசிக்கும் குடும்பங்கள் இதை மறந்துவிடுகின்றன. வீட்டுக்கு வரும் பராமரிப்பாளருக்கு மருந்து வேளை, ஒவ்வாமை, சர்க்கரை குறைந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்பவை தெரியவேண்டும். 1980களில் நடந்த அறுவைச் சிகிச்சை தெரியவேண்டியதில்லை. அவருக்கு முதல் பக்கத்திலிருந்து தேவையானதை மட்டும் எடுத்துத் தனித்தாள் எழுதி, சமையலறைச் சுவரில் அல்லாமல் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். வீட்டுக்கு வரும் விருந்தினர் அனைவரும் படிக்கவேண்டாம்.

முதியோர் இல்லத்துக்கு இதைவிட அதிகம் தெரியவேண்டும். அங்கே நர்ஸ் மருந்து கொடுக்கிறார், இரவில் அவரே முடிவெடுக்கிறார். ஆனால் சேர்க்கைப் படிவத்தில் 'எல்லா விவரத்தையும் தேவைப்படும் எவருக்கும் பகிரச் சம்மதிக்கிறேன்' என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் அப்படியே கையெழுத்திடாதீர்கள். எவருக்கு என்று கேளுங்கள். சிகிச்சை தரும் மருத்துவர், மருந்தகம், ஆம்புலன்ஸ், பெயர் குறிப்பிட்ட இன்ன பிள்ளை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், கேட்ட உறவினர் எல்லோருக்கும் இல்லத்தார் தொலைபேசியில் நிலைமையைச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெரியவர் தனக்கு வந்த புற்றுநோயை, தன் வாயால் தம்பியிடம் சொல்லும் முன்பே தம்பி ஆறுதல் சொல்ல வந்து நின்றார். அந்தச் செய்தியைச் சொல்லும் உரிமை அவருடையது.

அந்த ஒரு தாள்

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் பவர் ஆஃப் அட்டர்னி, கொடுத்தவர் மனத்திறன் இழந்தால் செல்லாது. மறதி நோய் வந்தால் பயன்படும் என்று வழக்கறிஞரிடம் எழுதி வாங்கி வைத்திருப்பவர்கள், அது தேவைப்படும் அந்த நாளிலேயே அது இல்லாமல் போவதைக் காண்கிறார்கள்.

மருத்துவ முடிவுகளுக்கு வழி தேசிய சுகாதாரச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் இருக்கிறது. நோயாளி தானே சம்மதம் தரமுடியாத நிலையில், அவர் முன்பே எழுத்தில் நியமித்தவர் சம்மதம் தரலாம். அப்படி யாரும் இல்லையென்றால் கணவன், மனைவி அல்லது வாழ்க்கைத் துணை. அவர் இல்லையென்றால் பெற்றோர், தாத்தா பாட்டி, வயதுவந்த பிள்ளை, உடன்பிறந்தார் என்ற வரிசையில் போகும். சம்மதம் தருபவருக்கு நோய், சிகிச்சை வழிகள், அவற்றின் ஆபத்து எல்லாம் விளக்கப்பட வேண்டும் என்பதால், நியமனம் பெற்றவர் விவரத்தையும் பெறுகிறார். நான்கு பிள்ளைகள் இருந்தால் எந்தப் பிள்ளை என்று அந்த வரிசை சொல்வதில்லை. அங்கேதான் வார்டு வாசலில் சண்டை தொடங்குகிறது.

தாளில் இவ்வளவு போதும்: நான் இன்னார்; என்னால் முடியாதபோது என் சிகிச்சைக்குச் சம்மதம் தர இன்னாரை நியமிக்கிறேன், அவர் கிடைக்காவிட்டால் இன்னார்; நான் நலமாக இருக்கும்போதும் என் விவரத்தை இவர்களிடம் சொல்லலாம்; இன்னாரிடம் சொல்லவேண்டாம். தேதி, கையெழுத்து. சட்டம் எழுத்தில் இருக்கவேண்டும் என்று மட்டும் கேட்கிறது; ஆனாலும் இரண்டு சாட்சிகள் இருந்தால் நல்லது. காவல் நிலையத்தில் சான்றளித்த நகல்கள் எடுத்து ஜி.பி.க்கு ஒன்று, மருத்துவமனைக் கோப்புக்கு ஒன்று, இல்லத்துக்கு ஒன்று கொடுங்கள்.

யார் பெயர் வரவேண்டும் என்பதில் பிள்ளைகள் முந்திக்கொள்ளக்கூடாது. எங்கள் கோவிலில் முதியோருக்கு இப்படிவம் எழுத உதவியபோது ஓர் ஆயாவிடம், 'மூத்த மகன் பெயர் போடட்டுமா?' என்று கேட்டேன். 'அவனுக்கு என் மேல் உயிர், ஆனால் ஆஸ்பத்திரி என்றால் பயந்துவிடுவான். சின்ன மருமகள் பெயர் போடு, கண்ணு. அவள் கேட்க வேண்டியதைக் கேட்பாள்' என்றார். நான் யோசித்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்காது. மருமகளுக்கு அந்தச் சட்ட வரிசையில் இடமே இல்லை. அந்தத் தாளால் மட்டுமே இடம் கிடைத்தது.

ஏற்கெனவே மறதி முற்றிவிட்டிருந்தால்

அப்போது அந்தத் தாளை எழுத முடியாது. புரியாமல் வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பில்லை, வாங்கவும் கூடாது. 7ஆம் பிரிவின் வரிசைதான் எஞ்சும். அம்மாவின் வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், வீடு இவற்றைப் பார்க்க, மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் ஒரு நிர்வாகியை நியமிக்க விண்ணப்பிக்கலாம். அந்த நிர்வாகி சொத்துக்கு மட்டும், சிகிச்சைக்கு அல்ல. உடலைப் பற்றிய முடிவுகளுக்கும் ஒருவரை நியமிக்க உயர் நீதிமன்றத்துக்கே போகவேண்டும். செலவும் காலமும் அதிகம்.

அந்த அளவுக்குப் போக முடியாத குடும்பங்களுக்கு என் பரிந்துரை: பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, மருத்துவமனையோ இல்லமோ முதலில் அழைக்கவேண்டியவர் இன்னார், இரண்டாவது இன்னார் என்று ஒரு கடிதம் எழுதி, அத்தனை பேரும் கையெழுத்திட்டுக் கொடுங்கள். நியமனத்துக்குரிய சட்ட வலிமை அதற்கு இல்லை. ஆனால் வார்டு சிஸ்டருக்கு ஒரே ஒரு எண் கிடைக்கும். மற்றவர்கள் தனித்தனியே அழைத்தால், 'உங்கள் அக்காவிடம் கேளுங்கள்' என்று சொல்ல அவருக்கு ஆதாரம் இருக்கும். கடிதத்தோடு கோப்பின் முதல் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.